ஊருக்கு நடுவே காட்டு ஏரிகள்: சிங்கப்பூர் நாட்குறிப்பு

திங்கள்

லோர்னி சாலையில் வண்டிகள் ஓய்வில்லாமல் ஓடுகின்றன. பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்சம் நடந்தால் எதிரே தண்ணீர். ஒரு பக்கம் புல் போர்த்திய கரை, மற்ற பக்கமெல்லாம் காடு. மெக்ரிச்சி நீர்த்தேக்கம்.

காட்டுக்குள் காலை வைத்ததும் அமைதி சூழ்ந்துகொண்டது என்று எழுதத்தான் ஆசை. அப்படியெல்லாம் இல்லை. நீரோரப் பாதையில் நடக்கத் தொடங்கி வெகுநேரம் வரை லாரியின் உறுமல் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே வருகிறது. சில்வண்டுகள்தான் அதை மெல்ல மெல்ல மூடுகின்றன. ஒரு வளைவில் சட்டென்று கவனிக்கிறேன்: சாலையைக் காணோம். சில்வண்டு இரைச்சல் மட்டும். அதுவும் சத்தம்தான், ஆனால் அதை யாரும் சத்தம் என்று சொல்வதில்லை.

தங்கை வீடு இருக்கும் தோ பாயோவிலிருந்து இங்கே வர பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். "பாலத்துக்கு இன்னைக்குப் போகாதண்ணா, திங்கட்கிழமை மூடியிருப்பாங்க. சும்மா தண்ணி ஓரமா நடந்துட்டு வா" என்று சொல்லித்தான் அனுப்பினாள். தண்ணீர் ஓரமாகவே நடந்தேன். மரப்பலகை போட்ட பாதைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மரத்தின் பெயர்: பிரூனஸ், ஜெரிங், பெத்தாய். பெத்தாய் என்பது நாற்றமடிக்கும் ஒரு பெரிய அவரை. இங்கே சம்பால் என்ற மிளகாய் விழுதில் போட்டு வதக்கிச் சாப்பிடுகிறார்கள். தங்கை வீட்டில் நேற்று இரவு அதுதான். பழகினால் விட முடியாது என்கிறாள். பழகும்வரை இருக்கப் போவதில்லை என்பதால் நான் தப்பித்தேன்.

பலகைப் பாதை சில இடங்களில் தண்ணீரின் மேலேயே போகிறது. குனிந்து பார்த்தால் தேநீர் நிறத்தில் தெளிவாக இருக்கிறது. இலைச் சாறு இறங்கிய நிறம். ஓரத்தில் மிதந்த கட்டையென்று நான் நினைத்தது தலையைத் தூக்கியது. நீர் உடும்பு, ஆள் நீளம் இருக்கும். நாக்கை வெளியே நீட்டி, இழுத்து, மறுபடி நீட்டி, பலகைக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போய்விட்டது. எதிரே ஓடி வந்துகொண்டிருந்த இரண்டு பெண்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நம் ஊரில் ஓணானைத் தாண்டிப் போகிற மாதிரி போனார்கள்.

இது இந்த நாட்டின் முதல் நீர்த்தேக்கம். கதையைப் படித்தால் சிரிப்பு வரும். 1857-ல் தான் கிம் செங் என்ற வணிகர், ஊருக்குக் குடிதண்ணீர் கொண்டுவரச் சொல்லி 13,000 வெள்ளி (டாலரை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) கொடுத்தார். அதுவரை கிணறுகளும் மாட்டுவண்டித் தண்ணீரும்தான். திட்டம் இழுத்தது. பணம் போதவில்லை, பணிகள் தவறிப்போயின. தேக்கம் 1868-ல் கட்டி முடிந்தது. தண்ணீர் ஒழுங்காக ஊருக்குள் போய்ச் சேர 1870-களின் கடைசி ஆகிவிட்டது. கொடுத்தவர் 1864-லேயே போய்ச் சேர்ந்திருந்தார். அவர் பெயரில் 1882-ல் ஒரு நீரூற்று வைத்தார்கள், இப்போதும் எஸ்பிளனேட் பூங்காவில் இருக்கிறது. ஆனால் நீர்த்தேக்கத்துக்குப் பெயர் வந்தது 1890-களில் அதைப் பெரிதாக்கிய நகராட்சிப் பொறியாளர் ஜேம்ஸ் மெக்ரிச்சியிடமிருந்து. அந்தப் பெயரையும் 1922-ல்தான் வைத்தார்கள். பணம் கொடுத்தவருக்கு நீரூற்று, இன்ஜினியருக்கு ஏரி.

சென்னைக்குச் செங்குன்றத்துப் புழல் ஏரியிலிருந்து தண்ணீர் வரத் தொடங்கியது 1872-ல். ஏறக்குறைய ஒரே காலத்துக் கதை. கரையின் மேல் நின்றபோது எனக்குப் புழல் ஏரிதான் நினைவுக்கு வந்தது. 2019 கோடையில் அந்த ஏரியின் அடிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. எங்கள் தெருவில் லாரிக்காக ராத்திரி இரண்டு மணிக்குக் குடத்தோடு நின்றோம். புழலைச் சுற்றிக் காடு இல்லை. வீடுகள் இருக்கின்றன, பட்டறைகள் இருக்கின்றன. இங்கே ஏரியைச் சுற்றி ஒரு வீடு இல்லை. அந்த ஒரு வித்தியாசத்தைத்தான் அன்று முழுக்க மனது அசைபோட்டது.

புதன்

வீனஸ் டிரைவ் பக்கமாக நுழைந்தால் தொங்குபாலத்துக்கு வழி குறைவு என்று மாப்பிள்ளை சொன்னார். காலையில் வேலைக்குப் போகிற வழியில் டாக்சியில் இறக்கிவிட்டுப் போனார். "தண்ணி பாட்டில் போதும் மச்சான். கையில பிளாஸ்டிக் பை மட்டும் வேண்டாம்" என்றார். ஏன் என்பது ஞாயிற்றுக்கிழமை புரிந்தது.

செம்மண் பாதை. ராத்திரி மழை பெய்திருந்தது, வேர்கள் வழுக்கின. ஊரில் காலை ஒன்பது மணி வெயில், உள்ளே அரை இருட்டு. அந்த ஈரக்காற்றில் சட்டை பத்து நிமிடத்தில் முதுகோடு ஒட்டிக்கொண்டது. இங்கே நடப்பவர்களுக்கு ஒரு யோசனை: துண்டு கொண்டு போங்கள், கைக்குட்டை பத்தாது.

வழியில் மரங்களைப் பார்த்துக்கொண்டே போனபோது, ஒரு மரம் தெரிந்த முகமாக இருந்தது. சாம்பல் நிறத் தண்டு, மூன்று மூன்றாக இலை. கீழே புள்ளி புள்ளியாக, மெருகு ஏற்றியது போலப் பழுப்பு விதைகள். ரப்பர். ஒன்றல்ல, அங்கங்கே நிறைய. காட்டுக்கு நடுவில் ரப்பர் மரம் தானாக வராது. பிரேசில் மரம் அது. இங்கே ஒரு காலத்தில் தோட்டம் இருந்திருக்கிறது. தண்டைத் தடவிப் பார்த்தேன், பழைய வெட்டுத் தழும்பு ஏதாவது கைக்குப் படுமா என்று. மேலெல்லாம் பாசி. ஒன்றும் தெரியவில்லை. மலாயாவில் பால்மரம் சீவப் போன எத்தனையோ குடும்பங்கள் நம் பக்கம். எங்கள் தாத்தாவின் தம்பி ஜொகூர்ப் பக்கம் போனவர், கடைசிவரை திரும்பவில்லை. இந்த மரத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, இருந்தாலும் ஒரு விதையை எடுத்துக் கையில் உருட்டிவிட்டு அங்கேயே போட்டேன். காட்டிலிருந்து எதையும் எடுத்துப்போகக் கூடாது.

ஆக, இது பார்ப்பதற்குத்தான் ஆதிகாடு. பெரும்பகுதி மறுபடி முளைத்த காடு. ரப்பருக்கு முன்னால், 19-ஆம் நூற்றாண்டில், கேம்பியரும் மிளகும் போட்டார்கள். கேம்பியர் என்பது காசுக்கட்டி மாதிரித் துவர்ப்புச் சாறு தரும் செடி. தோல் பதனிட வாங்கிப் போனார்கள். இலையைக் காய்ச்சிச் சாறு எடுக்க விறகு வேண்டும். விறகுக்குப் பக்கத்துக் காட்டை வெட்டினார்கள். கேம்பியர் மண்ணை உறிஞ்சிவிடும், சில வருடங்களில் நிலம் செத்துப்போகும். விட்டுவிட்டு அடுத்த துண்டு. இப்படியே தீவின் உள்பகுதி மொட்டையானது. தோட்டத்து ஆட்களைப் புலி அடித்துக்கொண்டு போனதெல்லாம் அந்தக் காலத்தில்தான். 1883-ல் தாவரத் தோட்டக் கண்காணிப்பாளராக இருந்த நதானியல் கேன்ட்லி, மிச்சமிருந்த காட்டைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அதற்குப் பிறகுதான் ஒதுக்குக் காடுகள் என்று எல்லை போட ஆரம்பித்தார்கள்.

இந்தக் காடு பிழைத்ததற்குத் தண்ணீர்தான் பெரிய காரணம். ஏரியில் சுத்தமான தண்ணீர் வேண்டுமென்றால் மழை விழுகிற சரிவில் மரம் நிற்க வேண்டும், மண் கரையக் கூடாது, மனிதன் குடியேறக் கூடாது. குடிநீருக்காகப் போட்ட வேலிக்குள் காடு தானாக வளர்ந்தது. மெக்ரிச்சி, கீழ் பியர்ஸ், மேல் பியர்ஸ், மேல் சிலேத்தார் என நான்கு நீர்த்தேக்கங்களையும் சேர்த்து இந்த நடு நீர்ப்பிடிப்பு வனம் 2,000 ஹெக்டேருக்கு மேல். 60 லட்சம் பேர் நெருக்கியடித்து வாழும் தீவின் நட்டநடுவில். நிலத்தின் விலையை நினைத்தால் தலை சுற்றும்.

பாலத்துக்கு முன்னால் ஒரு வனக் காவல் நிலையம். கழிப்பறை, குடிதண்ணீர், உட்காரப் படிகள். அங்கிருந்து ஏற்றம். பாலம் 2004-ல் திறந்தது. புக்கிட் பியர்ஸ், புக்கிட் காலாங் என்ற இரண்டு குன்றுகளின் உச்சியை இணைக்கிறது. 250 மீட்டர் நீளம், தரையிலிருந்து அதிகபட்ச உயரம் 25 மீட்டர். ஒருவர் பின்னால் ஒருவர்தான் போக முடியும், ஒருவழிப் பாதை. நடுவில் நின்றால் கால் நடுங்குகிறதா பாலம் நடுங்குகிறதா என்று சொல்ல முடியாது. எனக்கு முன்னால் போனவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை நேராக வைத்தபடி ஒரே மூச்சில் கடந்தார். என் பங்குக்கு நின்று பார்த்தேன். கீழே இலைக் கூரை. நாம் எப்போதும் அண்ணாந்து பார்க்கும் மரத்தின் தலை இங்கே காலுக்குக் கீழே. பெரிய மரங்களின் தலையில் பறவைக்கூடு போலப் பெரணிகள் உட்கார்ந்திருக்கின்றன. தொலைவில் மேல் பியர்ஸ் நீர்த்தேக்கத்தின் ஒரு கீற்று. கட்டடம் ஏதும் கண்ணில் படாத ஒரு திசையை சிங்கப்பூரில் அன்றுதான் பார்த்தேன்.

துடுப்பு வால் கரிச்சான் ஒன்று கிளைக்குக் கிளை தாவிப் போனது. வாலின் இரண்டு கம்பி நுனியிலும் இரண்டு துடுப்பு. பறக்கும்போது அதன் பின்னால் இரண்டு வண்டுகள் துரத்திக்கொண்டு போகிற மாதிரி ஒரு மயக்கம்.

இறக்கம் படிக்கட்டுகளால் ஆனது, முழங்கால் கேள்வி கேட்கும். அதில் ஓரிடத்தில் ஒரு சீன அங்கிள் குடையை நீட்டி, பேசாமல் ஒரு மரத்தைக் காட்டினார். பார்த்தேன், தண்டுதான் தெரிந்தது. அவர் மறுபடி காட்டினார். தண்டில் சாம்பல் பச்சையாக ஒரு பாசித் திட்டு. அதற்கு இரண்டு கண். கொலுகோ. கழுத்திலிருந்து விரல் நுனி வரைக்கும், விரலிலிருந்து வால் வரைக்கும் தோல் விரிந்திருக்கிற பிராணி. ராத்திரியில் மரத்துக்கு மரம் காற்றில் சறுக்கிப் போகும். பகலில் இப்படித் தண்டோடு தண்டாக ஒட்டிக்கொண்டிருக்கும். தோல் மடிப்புக்குள்ளிருந்து இன்னொரு சின்னத் தலை வெளியே வந்து எங்களைப் பார்த்தது. குட்டி. அங்கிள் முகத்தில் அவரே பெற்றது போல ஒரு பெருமை. "எவ்ரி வீக் ஐ கம். சேம் ட்ரீ" என்றார். அவ்வளவுதான் எங்கள் உரையாடல்.

வெள்ளி

இன்று பியர்ஸ். மெக்ரிச்சிக்குக் கிடைத்த புகழ் இதற்குக் கிடைக்கவில்லை, அதனாலேயே எனக்கு இதுதான் பிடித்தது.

முதலில் அப்பர் தாம்சன் பக்கம் பரோட்டா. இங்கத்துப் பரோட்டா நம் வீச்சுப் பரோட்டாவுக்கு உறவு. முட்டையும் வெங்காயமும் போட்டு மடித்து, மீன் குழம்போடு கொடுக்கிறார்கள். கூட ஒரு தே தாரே, நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர். கடைக்காரர் அறந்தாங்கிப் பக்கம். "கீழ் பியர்ஸா? நான் இருபது வருஷமா இங்க இருக்கேன், ஒரு தடவைகூடப் போனதில்லண்ணே" என்றார். ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தால் லிட்டில் இந்தியா, அப்புறம் தூக்கம். நியாயம்தான். காட்டைப் பார்க்கவும் ஓய்வு வேண்டும்.

கீழ் பியர்ஸுக்கு நடந்து போகும் பழைய அப்பர் தாம்சன் சாலை மரங்களுக்கு அடியில் வளைந்து வளைந்து போகிறது. 1961 முதல் 1973 வரை சிங்கப்பூர் கிராண்ட் பிரி கார்ப் பந்தயம் இந்த வழியாகத்தான் ஓடியது. இப்போது ஒருவழிச் சாலை. குரங்குகள் நடுரோட்டில் உட்கார்ந்து ஒன்றுக்கொன்று பேன் பார்க்கின்றன. வண்டிகள் நின்று போகின்றன.

கீழ் பியர்ஸ் 1912-ல் முடிந்த தேக்கம். தண்ணீர் ஓரமாகக் காட்டுக்குள் ஒரு பலகைப் பாதை, ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதில் மொத்தம் எதிரே வந்தவர்கள் ஒரு பாட்டியும் அவர் கையைப் பிடித்திருந்த பணிப்பெண்ணும். பணிப்பெண் தமிழச்சி என்று முகத்திலேயே தெரிந்தது. "பாம்பு ஏதும் இல்லையே சார் அங்கிட்டு?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "நேத்து இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் பாட்டியை மெதுவாக நடத்திக்கொண்டு போனாள். அதற்கப்புறம் நான் கால் வைத்த ஒவ்வொரு பலகையையும் பார்த்தேன்.

பாதையில் ஓரிடத்தில் மரம் ஒன்று தண்ணீரின் மேல் சாய்ந்து கிடந்தது. அதில் மீன்கொத்தி. அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அது மூன்று முறை பாய்ந்தது, மூன்று முறையும் வெறும் அலகோடு வந்தது. அதற்கு அவசரமில்லை, எனக்கும் இல்லை. அலைபேசியில் சிக்னல் முழுசாக இருந்தது. எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

மேல் பியர்ஸ் அங்கிருந்து இன்னும் உள்ளே. இது பெரிய ஏரி. அக்கரை முழுக்க ஒரே காடு. 1977 பிப்ரவரி 27 அன்று இதைத் திறந்து வைத்தபோதுதான் அன்றைய பிரதமர் லீ குவான் இயூ அந்தப் புகழ்பெற்ற பேச்சைப் பேசினார்: பத்து வருடத்தில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்க முடிய வேண்டும் என்று. அன்றைக்கு அந்த ஆறுகள் பன்றிப் பண்ணைக் கழிவும் படகு எண்ணெயும் கலந்த சாக்கடைகள். 1987-ல் சுத்தம் செய்து முடித்தார்கள். பண்ணைகளை மூடினார்கள், தெருவோரக் கடைகளை உணவங்காடிகளுக்கு நகர்த்தினார்கள், படகுகளைக் கிளப்பினார்கள். இழந்தவர்களும் இருந்தார்கள். காட்டு ஏரியைத் திறக்க வந்தவர் ஊர்ச் சாக்கடையைப் பற்றிப் பேசியது பொருத்தமானதுதான், ஏனென்றால் இரண்டும் ஒரே தண்ணீர். காலாங் ஆறு புறப்படுவதே கீழ் பியர்ஸிலிருந்துதான். 10 கிலோமீட்டர். இந்த நாட்டின் மிக நீளமான ஆறு! நம் ஊரில் வாய்க்கால் என்போம்.

அந்த ஆற்றைக் கொஞ்ச தூரம் பின்தொடரலாமே என்று மாலையில் பீஷான்–அங் மோ கியோ பூங்காவுக்குப் போனேன். இங்கே முன்பு ஆறு நேர்கோட்டில் ஒரு சிமென்ட் வாய்க்காலாகப் போனது, 2.7 கிலோமீட்டர். அதை உடைத்துவிட்டு, கல்லும் செடியும் வைத்து வளைந்து ஓடவிட்டார்கள். 2012-ல் வேலை முடிந்தபோது 3.2 கிலோமீட்டர் ஆகியிருந்தது. மழை வந்தால் பூங்காவின் புல்வெளிக்கே ஆறு பரவும், எச்சரிக்கை விளக்கும் ஒலிபெருக்கியும் வைத்திருக்கிறார்கள். சிமென்ட் போடுவதைப் பார்த்துத்தான் நமக்குப் பழக்கம், சிமென்டை எடுக்கக் காசு செலவழித்ததைப் பார்க்கத்தான் போனேன்.

கிடைத்தது வேறொன்று. கரையில் கூட்டம். நீர்நாய்கள்! பெரியதும் சின்னதுமாக ஒரு குடும்பம். தலை மட்டும் தண்ணீருக்கு மேலே வரிசையாக வந்து, முழுகி, எழுந்தன. ஒன்று தன் முன்னங்கை நீளத்துக்கு ஒரு மீனைக் கவ்விக் கரையேறியது. மீனின் வால் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. தலையிலிருந்து ஆரம்பித்து, முள்ளோடு, கறுக் கறுக்கென்று. குட்டி ஒன்று கத்திக்கொண்டே வந்து வாயிலிருந்து பிடுங்கப் பார்த்தது, கிடைக்கவில்லை. பத்தடி தள்ளிப் பள்ளிச் சீருடைப் பிள்ளைகள், பின்னால் எம்ஆர்டி ரயில் போகும் சத்தம். லீ சொன்ன மீனை யார் பிடிக்கிறார்கள் பாருங்கள்.

ஞாயிறு

கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். மெக்ரிச்சியின் வாசலில் ஓட்டக்காரர்கள், குடும்பங்கள், கயாக் படகுக்கு வரிசை. அமைதி தேடி வருபவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். ஆனால் தங்கை, மாப்பிள்ளை, ஆறாம் வகுப்பு படிக்கும் மருமகள் எல்லோருக்கும் இன்றுதான் ஒழிந்தது.

நுழைந்து ஐந்து நிமிடத்தில் குரங்கு. ஒருவர் கையில் ரொட்டிப் பையோடு வந்தார். நீளவால் மக்காக் ஒன்று கைப்பிடிச் சுவரிலிருந்து இறங்கி, அவசரமே இல்லாமல் அவர் பக்கம் நடந்து போய், பையின் அடியைப் பிடித்து ஒரே இழுப்பு. பை கிழிந்தது, ரொட்டி போனது. அவர் வாயைத் திறந்தபடி கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றார். "பார்த்தீங்களா மச்சான்? பிளாஸ்டிக் பைன்னா சாப்பாடுன்னு அதுங்களுக்குத் தெரியும்" என்றார் மாப்பிள்ளை. தீனி போட்டுப் போட்டு மனிதர்கள் சொல்லிக்கொடுத்த பாடம் அது. இப்போது வனவிலங்குக்குத் தீனி போட்டால் முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். இந்தக் காட்டில் இன்னொரு குரங்கும் இருக்கிறது, ராஃபிள்ஸ் மந்தி. கறுப்பு, கண்ணைச் சுற்றி வெள்ளை. மிகச் சில டஜன்கள்தான் மிச்சம். அது மனிதன் பக்கமே வராது. நானும் பார்க்கவில்லை.

மருமகள் எங்களை லிம் போ செங் கல்லறைக்குக் கூட்டிப் போனாள். பள்ளியில் படித்திருக்கிறாள், அதனால் அவள்தான் வழிகாட்டி. ஏரியைப் பார்த்த மேட்டில், மரநிழலில், தனியாக இருக்கிறது. ஜப்பானியருக்கு எதிராக ஃபோர்ஸ் 136 என்ற ரகசியப் படையில் வேலை செய்தவர். 1944-ல் மலாயாவின் பேராக்கில் பிடிபட்டு, பத்து காஜா சிறையில் சித்திரவதையில் ஜூன் 29 அன்று இறந்தார். "கூட இருந்தவங்க பேரைக் கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல மாமா" என்றாள். வயது 35. போர் முடிந்த பிறகு 1946 ஜனவரியில் எலும்புகளைக் கொண்டுவந்து ராணுவ மரியாதையோடு இங்கே அடக்கம் செய்தார்கள்.

இதே ஏரியின் மேற்குப் பக்கக் காட்டுக்குள் ஜப்பானியர் கட்டிய ஷின்டோ கோயில் ஒன்றின் மிச்சமும் கிடக்கிறது. போர்க்கைதிகளை வைத்துக் கட்டினார்கள். 1945-ல் தோற்றதும் தாங்களே அழித்துவிட்டார்கள். கை கழுவும் கருங்கல் தொட்டி மட்டும் இன்னும் இருக்கிறதாம். அங்கே போக அனுமதி இல்லை. காடு மூடிக்கொண்டது. கல்லறை ஒரு கரையில், கோயில் மறு கரையில், நடுவில் குடிதண்ணீர். 1942 பிப்ரவரி 15 அன்று ஆங்கிலேயர் இந்த ஊரில் சரணடைந்தபோது சொன்ன முக்கியமான காரணங்களில் ஒன்று தண்ணீர்: குழாய்களெல்லாம் குண்டு விழுந்து உடைந்து, ஊர் தாகத்தில் விழும் நிலை. அந்தப் பயம் இந்த நாட்டுக்கு இன்னும் போகவில்லை என்று நினைக்கிறேன். 1963–64-ல் மாதக்கணக்கில் தண்ணீர்ப் பங்கீடு. தங்கையின் பக்கத்து வீட்டுப் பாட்டி, வாளியோடு தெருக் குழாயில் நின்றதை நேற்றுத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்கும்போது எங்கள் தெருக் கதை மாதிரியே இருந்தது. ஜொகூரிலிருந்து தண்ணீர் வாங்கும் 1962 ஒப்பந்தம் 2061 வரைதான். கழிவுநீரைச் சுத்திகரிப்பது, கடல்நீரைக் குடிநீராக்குவது, நகர நடுவிலேயே மரினா தேக்கம் என்று பார்த்த இடமெல்லாம் தண்ணீர் சேர்க்கிறார்கள். மொத்தம் 17 நீர்த்தேக்கங்கள். மெக்ரிச்சி அதில் சின்னதுதான்.

திரும்பும் வழியில் மாப்பிள்ளைக்கும் மருமகளுக்கும் ஒரு சண்டை. இந்தக் காட்டுக்கு அடியில் ரயில் வரப் போகிறது: குறுக்குத் தீவுப் பாதை. காட்டைச் சுற்றிப் போனால் பயணம் ஆறு நிமிடம் வரை கூடும், 200 கோடி வெள்ளி அதிகச் செலவு. இயற்கை ஆர்வலர்கள் பல வருடம் வாதாடினார்கள். 2019 டிசம்பரில் அரசு நேர் வழியையே எடுத்தது. ஆனால் சுரங்கம் தரைக்குக் கீழே சுமார் 70 மீட்டர் ஆழத்தில், வனத்தின் மேல் எந்தக் கட்டுமானமும் இல்லாமல். காட்டுக்கு அடியில் இருக்கும் நீளம் ஏறக்குறைய 2 கிலோமீட்டர்.

"எழுபது மீட்டர் கீழ ஓடுற ரயிலு மேல இருக்குற குரங்குக்கு என்ன பண்ணப் போவுது?" என்றார் மாப்பிள்ளை.

"மண்ணைத் துளை போட்டுப் பார்த்தாங்களே, அது மேலதானப்பா நடந்துச்சு?" என்றாள் அவள்.

"ஆறு நிமிஷம்னா தினம் போற எனக்கு எவ்வளவு மிச்சம் தெரியுமா?"

"ஆறு நிமிஷத்துல நீங்க என்ன பண்ணுவீங்க? போன்தான் பார்ப்பீங்க."

தங்கை சிரித்துவிட்டாள். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், ஆதரவுக்கு. நான் யார் பக்கமும் பேசவில்லை. மனதுக்குள் மருமகள் பக்கம்தான். ஆனால் தினமும் அந்த ரயிலில் நிற்கப் போவது நானில்லை. 2032-ல் அந்தப் பகுதி ஓடத் தொடங்கும் என்று திட்டம். அதற்குள் ஒரு தடவையாவது மேல் பியர்ஸுக்கு நீங்கள் எல்லோரும் சேர்ந்து போய்விட்டு வாருங்கள் என்றேன். இத்தனை வருடம் இங்கே இருந்தும் மூன்று பேருமே அங்கே போனதில்லை. "அடுத்த சனிக்கிழமை" என்றாள் தங்கை. "டியூஷன் இருக்கும்மா" என்றாள் மருமகள்.